சித்தி தைத்த ஆமி உடுப்பு

என் மகளுக்குப் பள்ளிக்கூட நாடகத்தில் மரம் வேடம் கிடைத்திருக்கிறது. மரத்துக்கு வசனம் இல்லை. பத்து நிமிடம் அசையாமல் நின்றால் போதும். இருந்தும் ஒரு கிழமையாக எனக்கு வேறு நினைப்பில்லை. இலை கூடிவிட்டதோ, குறைந்துவிட்டதோ, மண்ணிறக் காற்சட்டைக்குப் பதிலாகக் கறுப்புப் போட்டால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்களோ என்று, ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் இருந்துகொண்டு ரூஜில் இருக்கும் சித்திக்கு நாளுக்கு இரண்டு தரம் போன் எடுக்கிறேன். நேற்று சித்தி பொறுமை இழந்துவிட்டார்.

"மரம் எண்டால் மரம் மாதிரித் தெரிஞ்சால் காணும், பிள்ளை. அச்சொட்டாத் தைக்க வெளிக்கிட்டால் வில்லங்கம். உனக்கு அதை நான் சொல்லவேணுமோ?"

சொல்லத் தேவையில்லைதான். அந்த வில்லங்கத்தைப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றவள் நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் ஓர் உயரமான கட்டிடத்தின் பதினோராம் மாடியில் இருந்தோம். ஓர் அறையில் அப்பாவும் அம்மாவும், மற்றதில் நானும் அரிசி மூட்டைகளும், முன்னறைச் சோபாவில் சித்தி. சித்தி அம்மாவின் தங்கை. ஊரில் இருந்து வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. ஒரு தொழிற்சாலையில் மெத்தை உறை தைத்துக்கொண்டிருந்தார். இலங்கையில் சண்டை கொஞ்சம் ஓய்ந்து, பேச்சுவார்த்தை நடக்கப்போகிறது என்று பெரியவர்கள் எல்லாரும் தமிழ் ரேடியோவில் காது வைத்திருந்த காலம் அது. நான் இங்கே பிறந்தவள். சண்டை என்றால் எனக்கு ரேடியோவைக் கூட்டி வைக்கும்போது பிள்ளைகள் வாய் திறக்கக் கூடாது என்பதுதான்.

சனிக்கிழமைகளில் அடுத்த தெருவில் இருந்த பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பு நடக்கும். வருடத்துக்கு ஒரு கலைவிழா. அந்த வருடம் எங்கள் ரீச்சர் தானே நாடகம் எழுதியிருந்தார். ஒரு குடும்பம் வீதியில் போகிறது, இராணுவக் காவலில் நிற்கும் ஆமிக்காரன் மறித்து அடையாள அட்டை கேட்கிறான், அண்ணனைப் பிடித்துக்கொண்டு போகிறான், தாய் அழுகிறாள், போராளி வந்து காப்பாற்றுகிறான். போராளி வேடத்துக்கு ஆறு பேர் போட்டி போட்டார்கள். ஆறு பேரின் தாய்மாரும் ரீச்சருக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடைசியில் ஒரு போராளி மூன்று போராளிகள் ஆகிவிட்டார். தாய் வேடத்துக்கும் ஆள் இருந்தது. ஆமிக்காரனுக்குத்தான் இல்லை. தன் பிள்ளைக்கு அந்த உடுப்பைப் போட எந்தத் தாய்க்கும் மனம் வரவில்லை. ரீச்சர் சீட்டுக் குலுக்கினார். இரட்டைப் பின்னலோடு வகுப்பின் கடைசி வாங்கில் இருந்த எனக்கு ஆமி விழுந்தது.

வீட்டில் சொன்னதும் அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு வந்து, வேறு பிள்ளை கிடைக்கவில்லையோ என்று கேட்டார். அப்பா பேப்பரில் இருந்து தலையை எடுக்காமல், "எங்கட பரம்பரையில முதல் அரசாங்க உத்தியோகம். பென்சன் இருக்கோ எண்டு கேள்" என்றார். சித்தி என்னைத் தோளில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நான் தைச்சுத் தாறன்" என்றார். அவ்வளவுதான்.

பச்சையும் மண்ணிறமும் கலந்த புள்ளித் துணியை எங்கேயோ தேடி வாங்கிவந்தார். அளவு நாடா எடுக்கவில்லை. பேப்பரில் வெட்டிப் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்குள் சேட்டும் காற்சட்டையும் தயார். நெஞ்சில் இரண்டு பை, பைக்கு நடுவே ஒரு மடிப்பு, மேலே சற்றுச் சரிந்த மூடி, தோளில் பட்டி. சேட்டின் கைகளை உட்புறம் வெளியே வரும்படி நாலு விரல் அகலத்துக்கு மடித்துவிட்டார். மூன்று போராளிகளும் தகப்பன்மாரின் ரீசேட்டில் வரப்போகிறார்கள். எனக்கு மட்டும் இப்படி. கண்ணாடிக்கு முன்னால் இருந்து நான் நகரவில்லை. அம்மாவின் முகம்தான் சரியில்லை.

"உப்பிடி அச்சொட்டா வேண்டாமடி. ஏதேனும் ஒரு பச்சை ரீசேட் காணும்."

"கை வேற மாதிரிப் போகுதில்லை, அக்கா" என்றார் சித்தி.

பிறகு அம்மா என்னைக் குளியலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, யார் கேட்டாலும் உடுப்பு கடையில் வாங்கியது என்று சொல்லவேண்டும் என்றார். எந்தக் கடை என்று கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன். அம்மா யோசித்துவிட்டு, தூரத்தில் ஒரு கடை என்றார். நான் அதை மூன்று தரம் சொல்லிப் பாடமாக்கினேன். சொன்னதைச் செய்யும் பிள்ளை என்று எனக்குப் பெயர்.

அம்மா ஏன் பயந்தார் என்பதைப் பல வருடங்களுக்குப் பிறகு துண்டு துண்டாகக் கேட்டு அறிந்தேன். அம்மாவுக்கும் சித்திக்கும் ஒரே ஒரு தம்பி. மாமா இயக்கத்துக்குப் போனபோது சித்தியும் ஒரு மண்டபத்தில் மற்றப் பெண்களோடு இருந்து இயக்கத்துக்கு உடுப்புத் தைத்தார். பிறகு ஊர் கைமாறியது. மாமாவின் ஆட்கள் வன்னிக் காட்டுக்குள் போய்விட்டார்கள். படுக்கையில் கிடந்த வருத்தக்காரத் தகப்பனோடு சித்தி வீட்டிலேயே இருந்தார். வீட்டுக்கு முன்னால் போன ஒழுங்கையின் முடிவில் ஆமி முகாம் வந்தது. ஆமிக்காரருக்குக் கிடைத்த உடுப்புகள் பெரிய ஆட்களுக்குத் தைத்தவை. போடுகிறவர்களோ ஒட்டி உலர்ந்த பெடியள். தையல் மெசின் சத்தம் கேட்டு ஒருவன் ஒரு கட்டு உடுப்போடு படலைக்கு வந்தான், இடுப்பைச் சுருக்கித் தரச் சொல்லி. சித்தி பயத்தில் தொடங்கினார். பிறகு ஒரு காரணத்தோடு தொடர்ந்தார். மூன்று வருடம்.

ரொறன்ரோவில் அதை யாரும் அறியார்கள். அறிந்தால் இரண்டு விஷயம் குழம்பும். ஒன்று, சித்தியின் கலியாணம். சித்திக்கு முப்பத்திரண்டு. பேச்சு நடந்துகொண்டிருந்தது ரீச்சரின் தம்பியோடு. அவருக்கு முப்பத்தெட்டு, பெரிய ட்ரக் ஓட்டுகிறவர். இரண்டு தரம் பார்த்திருந்தார்கள், கோயிலில் ஒரு தரம், எங்கள் சோபாவில் ஒரு தரம். இரண்டு தரமும் அவர் ஏறத்தாழ வாயே திறக்கவில்லை. அம்மா அதை நல்ல குணம் என்றார். மற்ற விஷயம் மாமா. இங்கே ஒரு மண்டபத்தில் பேசிய கதை இரண்டு நாளில் வன்னிக்குப் போய்விடும். தமக்கை ஆமிக்குத் தைத்தவள் என்ற சொல், மாமா இருக்கும் இடத்துக்குப் போகவே கூடாது; போனால் இயக்கம் அவரையே சந்தேகிக்கும்.

எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. எனக்கு இருந்த கவலை வசனம். எனக்கு ஒரே வசனம்தான்: "அடையாள அட்டை எங்கே?" ரீச்சர் அதைக் கண்ணை உருட்டி, காலை நிலத்தில் அடித்து, மண்டபம் அதிரச் சொல்லவேண்டும் என்றார். வீட்டில் நான் காலை அடித்துக் காட்டியபோது கீழ்வீட்டுக்காரர் சீலிங்கில் தட்டினார். சித்தி சிரித்துவிட்டு, அப்படி இல்லை என்றார்.

"அவங்கள் கத்திறேல்லை. கையை நீட்டு. முகத்தைப் பாக்காதை. மெல்லமா 'ஐசி' எண்டு மட்டும் சொல்லு. தந்தால் முன்னையும் பின்னையும் திருப்பிப் பார். பிறகு குடுத்திட்டு, போ எண்டு தலையை ஆட்டு."

அடையாள அட்டைக்கு ஊரில் அப்படித்தான் சொல்வார்களாம். இரண்டு பேரும் சொன்னதை நான் கொப்பியில் எழுதிவைத்தேன். ரீச்சர் ஒரு பக்கம், சித்தி ஒரு பக்கம். யாருடைய சொல்லைக் கேட்பது என்று மூன்று நாள் அந்தக் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இப்போது மகளின் இலைகளை எண்ணும்போது தெரிகிறது, அன்றைக்கும் நான் இப்படித்தான்.

கலைவிழாவன்று பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. பின்னால் ரோல்ஸும் தேநீரும். முன்வரிசையில் ரீச்சரின் தம்பி, தமக்கையின் நாடகம் என்பதால் நடுக் கதிரையில், இரும்புப் பெட்டி மாதிரி அகலமாக இருந்தார். மூன்றாம் வரிசையில் அப்பா, அம்மா, சித்தி. ஒலிவாங்கி ரீச்சரின் கணவரிடம்; அவர் கையில் அது போனால் திரும்பி வராது.

நான் மேடையில் ஏறும்போது ஒட்டு மீசையின் ஒரு பக்கம் கழன்றுவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு வந்ததில் நாடகத்தில் வரும் குடும்பம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது மறந்துபோனது. காலை அடிப்பதா, கையை நீட்டுவதா? கால் வரவில்லை. கை வந்தது. சனங்களின் பக்கம் திரும்பி, யாருடைய முகத்தையும் பார்க்காமல், உள்ளங்கையை நீட்டி, "ஐசி" என்றேன்.

ரீச்சரின் தம்பி எழுந்தார்.

எழுந்தது அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். இடது கை சேட்டுப் பையைத் தடவியது, வலது கை பின்பையில் இருந்து பேர்ஸை எடுத்தது, ஓர் அட்டையை உருவி, தலையைக் குனிந்துகொண்டு மேடைப் பக்கம் நீட்டினார். நான் சொன்னதைச் செய்யும் பிள்ளை. குனிந்து வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். கார் லைசன்ஸ்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. ஆறடி ஆள், ஒன்பது வயதுப் பிள்ளையின் கைக்கு லைசன்ஸ் கொடுத்துவிட்டு நிற்கிறார். ரீச்சரின் கணவர் ஒலிவாங்கியில், "லைசன்ஸ் சரி. இன்சூரன்ஸ் பேப்பரையும் கேள், பிள்ளை" என்றார். சிரிப்பு இரண்டாம் தரம் எழும்பியது. என் நடிப்புக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன. நீட்டிய கை கீழே இறங்கவில்லை. இருக்கவும் தெரியாமல், போகவும் தெரியாமல் நின்றார்.

அப்போது மூன்றாம் வரிசையில் சித்தி எழுந்தார். அம்மா அவருடைய சேலையைப் பிடித்து இழுப்பது மேடையில் இருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"சிரிக்காதேங்கோ" என்றார் சித்தி. "அவரில ஒரு பிழையும் இல்லை. உந்த உடுப்பு அப்பிடியே ஆமி உடுப்புத்தான். தைச்சது நான். ஊரில மூண்டு வருசம் ஆமிக்குத் தைச்சனான். பிள்ளைக்குக் கையை நீட்டச் சொல்லிக் குடுத்ததும் நான்தான்."

பின்னால் இருந்து ஒரு பெண் குரல், ஆருக்குத் தைச்சனீர் என்று கேட்டது.

"ஆமிக்கு. அதுக்கு முந்தி இயக்கத்துக்கும் தைச்சனான். ரெண்டும் ஒரே மெசின்தான்."

வெட்கமில்லையோ என்று அதே குரல் கேட்டது.

"வெக்கமாத்தான் இருந்தது. பயமாயும் இருந்தது. எங்கட ஒழுங்கைப் பெடியளைப் பிடிச்சு அந்த ஆமிக் காம்புக்குள்ள வச்சிருந்தவங்கள். உடுப்புக் கொண்டு போறவளைத்தான் உள்ள விடுவாங்கள். நான் சேட்டைத் தெறியில்லாமல் தைச்சுக் கொண்டுபோவன். பெடியளைக் கண்ணால காட்டினால்தான் தெறி தைப்பன் எண்டு அங்கயே குந்தியிருப்பன். தெறியில்லாத சேட்டோட பெரியவனுக்கு முன்னால போய் நிக்க ஏலாதெல்லோ அவங்களுக்கு. எல்லாரையும் பாத்தனான். விட்டது நாலு பேரைத்தான்."

சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். தெறி என்றால் பொத்தான் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாடகத்தில் அடுத்தது யார் வசனம் என்பதுதான் என் பிரச்சினை. நான் லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்து, போ என்று தலையை ஆட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு கதிரையில் இருந்தார். தாய் வேடம் போட்ட பிள்ளை தன் கடமைக்கு "ஐயோ என்ர மகனே" என்று தொடங்கியது. பிடிபடவேண்டிய மகனை நான் பிடிக்க மறந்துவிட்டேன். மூன்று போராளிகளும் வந்து, ஆபத்தில்லாத குடும்பத்தை வீரமாகக் காப்பாற்றினார்கள்.

திரும்பி வரும்போது காருக்குள் அப்பாகூடப் பகிடி விடவில்லை. வீட்டுக்குள் வந்த பிறகுதான் அம்மா அழுதார். கடையில் வாங்கியது என்ற ஒரு சொல்லோடு முடிந்திருக்கவேண்டியது, எழுந்து சொல்லும்படி உன்னை யார் கேட்டது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சித்தி சேலையை மடித்துக்கொண்டே, "அந்த மனிசன் கையை நீட்டிக்கொண்டு நிண்டுது, அக்கா" என்றார். அம்மா, அவனையோ பார்க்கிறது, எங்கட தம்பியையோ பார்க்கிறது என்று கேட்டார். சித்தி மடித்த சேலையை உதறி மறுபடி மடித்தார்.

திங்கட்கிழமை ரீச்சர் போன் எடுத்து, கலியாண விஷயத்தை ஆறுதலாக, அவசரப்படாமல் யோசிப்போம் என்றார். அந்த ஆறுதல் என்ன என்பது எனக்கும் தெரிந்தது. கோயிலில் அம்மாவோடு கதைக்கிறவர்கள் குறைந்தார்கள். மின்தூக்கியில் எங்களைக் கண்டு, அடுத்ததில் வருகிறோம் என்றவர்களும் உண்டு. அன்றில் இருந்து வீட்டில் ஒரு புதுப் பழக்கம். போன் அடித்தால் சித்தி எழுந்துவிடுவார். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, மெத்தை உறை தைத்த களைப்பில் கண் மூடியிருந்தாலும் சரி, முதல் மணிக்கே எழுந்து போனுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். எடுத்துக் கேட்டுவிட்டு, அம்மாவைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டுவார்.

காரணம் எனக்கு வெட்ட வெளிச்சமாக இருந்தது. மாப்பிள்ளை எடுப்பார் என்று சித்தி காத்திருக்கிறார். கலியாணம் குழம்பியது என்னால். நான் பக்கம் மாறித் திரும்பியிராவிட்டால் இதெல்லாம் நடந்திராது. அடுத்த சனிக்கிழமை ரீச்சரிடம் போய், பக்கம் மாறித் திரும்பியது என் பிழை, சித்தியில் பிழை இல்லை, தயவுசெய்து அங்கிளைப் போன் எடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன். ரீச்சர் கையெழுத்துக் கொப்பியை எடு என்றார்.

அவர் போன் எடுக்கவில்லை. இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை தானே வந்தார். தமக்கை இல்லாமல், முன்னறிவித்தல் இல்லாமல், கையில் ஒரு கேக் பெட்டியோடு. மாப்பிள்ளை தனியே பெண் வீட்டுக்கு வருவது எந்த முறையிலும் இல்லாததால், அவரை எங்கே இருத்துவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. எங்கே இருத்தினாலும் அது சித்தியின் படுக்கைதான். அப்பா தேநீர் போடச் சொன்னார். வாயே திறக்காத மனிதர் அன்றைக்குத் திறந்தார்.

"அக்கா வேண்டாம் எண்டுதான் சொல்லுறா" என்றார் சித்தியைப் பார்த்து. "எனக்கு முப்பத்தெட்டு வயசு. நாப்பத்தெட்டுச் சில்லு லொறியை மொன்றியலுக்குக் கொண்டுபோறன், அக்காட்டைக் கேட்டோ கொண்டுபோறன்?"

நாற்பத்தெட்டுச் சில்லு எந்த லொறிக்கு இருக்கிறது என்று அப்பா கேட்டார். ஒரு பேச்சுக்குச் சொன்னது என்றார் அவர். சித்தி சிரித்தார். இரண்டு கிழமைக்குப் பிறகு முதல் தடவை.

"அண்டைக்கு முழு மண்டபமும் சிரிச்சது. நீங்கள் ஒராள்தான் எழும்பினது" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கட தம்பிக்கு இது தெரியுமோ?" என்று கேட்டார்.

"தெரியும். கடைசியா ஒளிச்சு வீட்ட வந்தவன். மெசினில ஆமிச் சேட்டு கிடந்தது, கண்டவன். ஒண்டும் சொல்லேல்லை. சாப்பிட்டிட்டு, கோப்பையைக் கழுவி வச்சிட்டுப் போனவன். தெரிஞ்சும் அவன் ஒருத்தருக்கும் சொல்லாததை நான் ஊருக்கே சொல்லிப்போட்டன்."

இவ்வளவையும் நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கேக்கின் நடுவில் ஒரே ஒரு செர்ரிப் பழம் இருந்தது. அது யாருக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. சித்தி முதல் மணிக்கே எழுந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சித்தி, மாப்பிள்ளை இஞ்சதான் இருக்கிறார். நீங்கள் ஆரின்ர போனுக்கு ஓடுறீங்கள்?"

அப்பா சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவும் சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தார். ஆனால் அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. தேநீர்க் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு எழுந்துபோய், சித்திக்குப் பக்கத்தில், மேசையின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். சித்தி போனை இரண்டு கைகளாலும் பிடித்து எடுத்தார்.

மாமாவின் அழைப்பு அதற்கு மூன்று கிழமை கழித்துத்தான் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம். கதை அங்கேயும் போய்விட்டதாம். இயக்கப் பெரியவர்கள் மாமாவைக் கூப்பிட்டு விசாரித்து விட்டுவிட்டார்களாம், கூட இருக்கும் பெடியள் மட்டும் இன்னும் நக்கலடிக்கிறார்களாம். நான் வீட்டுக்கு வந்தபோது அம்மாவும் சித்தியும் ஒருவருக்கொருவர் ஊட்டிவிட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவும் எனக்கு விளங்கவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் வந்தது கம்பளம் கழுவுகிற ஒரு கம்பெனிக்காரன். மூன்று அறைக்குக் கழுவினால் நாலாவது அறை இலவசம் என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கே கேட்டது. சித்தி அவன் சொன்னது முழுவதையும் கேட்டார். மூச்சு விட்டார். நன்றி, வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, போனை மெல்ல வைத்தார். மாப்பிள்ளையைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினார். அவரும் ஆட்டினார். சித்தி வந்து சோபாவில் இருக்கும் வரைக்கும் அவர் தானும் இருக்காமல் நின்றார்.

எங்கள் வீட்டில் கம்பளமே இல்லை. இல்லாத கம்பளத்தைக் கழுவக் கேட்டவனின் போனுக்கு இரண்டு பெரிய ஆட்கள் ஏன் அப்படி எழுந்து நிற்கவேண்டும் என்று, செர்ரிப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டு நான் யோசித்தேன்.